சித்தப்பாவின் 'சரி'

வில்லியனூர்,
8-6-1974

தமக்கை கோகிலாம்பாளுக்கு வில்லியனூர் மளிகை வியாபாரி இராமச்சந்திரன் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். உன் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. நேற்று தேரடியில் நீ போட்ட சத்தத்திலேயே உன் நெஞ்சுக்கும் தொண்டைக்கும் ஒரு குறைவும் இல்லை என்று ஊர் தெரிந்துகொண்டது.

வாதம் வந்து வலது கை, வலது கால், வாய் எல்லாம் விழுந்துபோன நம் சித்தப்பாவை ஒன்றரை வருஷமாக நான்தான் வைத்துப் பார்க்கிறேன். கலியாணம் கட்டாத மனுஷர். பெற்ற பிள்ளையின் ஸ்தானத்தில் நான் இருக்கிறேன். தேர் பார்க்கட்டுமே என்று ரிக்‌ஷா வைத்து அழைத்து வந்தால், நீ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, அவர் மேல்துண்டை இழுத்து, முதுகைப் பார்த்து, "ஐயையோ, அடிச்சே கொன்னுட்டானே பாவி" என்று அலறுகிறாய். வடம் பிடித்தவர்கள் வடத்தை விட்டுவிட்டு என்னைப் பிடிக்க வந்தார்கள். சாமி நடுத்தெருவில் நின்றார். எல்லாம் உன்னால்.

அந்த நீலம் அடிபட்ட நீலம் இல்லை அம்மணி. வேட்டிக்குப் போடுகிற நீலம். ஈரத்துணியால் துடைத்தேன், போய்விட்டது. நீ அதைப் பார்க்கவில்லை. அதற்குள் "இனிமே உன் வாசப்படி மிதிக்கமாட்டேன், உன்னோட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சபதம் போட்டுவிட்டு பாகூர் பஸ்ஸில் ஏறிவிட்டாய். துடைத்த துணியை எடுத்து வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் காட்டுவேன்.

மறு தபாலில் மன்னிப்பு எதிர்பார்க்கும்,
இராமச்சந்திரன்


பாகூர்,
11-6-74

தம்பி ராமு,

பேசமாட்டேன்னுதான் சொன்னேன். எழுதமாட்டேன்னு சொல்லல. அதனால எழுதறேன்.

நீலம்னு தெரியாம கத்திட்டேன். தப்புதான். உங்க மாமாவும் நான் வந்து சேர்ந்ததுலேர்ந்து சும்மா வுடல. "ஏண்டி, அடிபட்டா கன்னிப்போவும். இப்படியா பளபளன்னு மயில் கழுத்து மாதிரி இருக்கும்"னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரு. கட்டினவன் கேலி பண்றது போதாதா, உனக்கு வேற மன்னிப்பு வேணுமா. வச்சிக்கோ, குடுத்துட்டேன்.

ஆனா நேத்து மாவு சலிக்கும்போது ஒண்ணு தோணிச்சு. வேட்டிக்குப் போடற நீலம் வேட்டியிலதானே இருக்கணும். முதுகுக்கு எப்படி வந்துச்சு? நீலப்பொடி மூட்டை எங்க கிடக்கும்? பின்கட்டு குடோன்ல. சித்தப்பா எங்க படுக்கணும்? தெருப்பக்கத்து அறையில, காத்தாடிக்குக் கீழ. அவர் கட்டின கட்டடம், அவர் வச்ச கடை. அவரை எங்கடா படுக்க வச்சிருக்கே?

தேர் பாக்க வந்தப்போ தும்மிகினே இருந்தாரு. உன் பொண்டாட்டி ஆண்டாள் ஜலதோஷம்னா. ஜலதோஷமா மிளகா மூட்டையா? நெஞ்சுல கை வச்சி எழுது.

அக்கா


வில்லியனூர்,
15-6-1974

தமக்கைக்கு,

மன்னிப்பு வந்து சேர்ந்தது. கொஞ்சம் சில்லறையாக இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

உன் சந்தேகத்துக்கு விளக்கமாகவே பதில் எழுதுகிறேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? சித்தப்பாவைக் கேட்காமல் இந்த வீட்டில் ஒரு துரும்பு அசைவதில்லை. வாதத்துக்குப் பிறகு அவர் வாயில் மிஞ்சிய ஒரே சொல் 'சரி' என்பது உனக்குத் தெரியும். மற்ற எல்லா வார்த்தையும் போய்விட்டது, நல்ல வார்த்தை ஒன்று நின்றுவிட்டது. மனுஷரின் குணம் அப்படி.

"சித்தப்பா, பிள்ளைங்க படிக்கத் தெருப்பக்கத்து அறை வேணும், நீங்க குடோன்ல படுத்துக்கறீங்களா" என்று கேட்டேன். சரி என்றார். பல்லுக்கு நோகாமல் இருக்க மூன்று வேளையும் கஞ்சி. கேட்டுத்தான். சரி என்றார். தண்ணீர் அதிகம் குடித்தால் அடிக்கடி எழுந்திருக்க வேண்டும், ஆண்டாள் ஒருத்தி எத்தனை முறைதான் தாங்குவாள், அதனால் தண்ணீரைக் குறைத்தோம். சரி என்றார். தடுமாறி விழுந்துவிடக் கூடாதே என்று கதவுக்கு வெளியே தாழ்ப்பாள். அதற்கும் சரி. கரிக்கலாம்பாக்கத்து முத்துசாமி, அந்தக் கூலிக்காரன், சந்தை நாளெல்லாம் வந்து அவரோடு ஆடுபுலி ஆடிக்கொண்டு கடை வாசலை அடைத்துக்கொண்டிருந்தான். இனிமேல் வரவேண்டாம் என்று சொல்லட்டுமா என்றேன். அதற்கும் சரிதான்.

பிள்ளைகளுக்கு அவர்தான் பொழுதுபோக்கு. "தாத்தா, நீ கழுதையா?" "சரி." "தாத்தா, உனக்கு வால் இருக்கா?" "சரி." வீடே விழுந்து விழுந்து சிரிக்கிறது. அவருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஒரு அடி, ஒரு கிள்ளு, ஒரு அதட்டல் கிடையாது. எந்த வீட்டில் ஒரு நோயாளியை இப்படிக் கேட்டுக் கேட்டுச் செய்கிறார்கள், சொல்.

இன்னொரு விஷயம். கட்டடத்தை என் பெயருக்கு எழுதி வைக்கிறீர்களா என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை, சரி என்றார். ஆடி பிறப்பதற்குள் பத்திரம் முடிக்க இருக்கிறேன். நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பிற்காலத்தில் பேச்சுக்கு இடம் இருக்காது. படியை மிதிக்க வேண்டாம், நேரே ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்தால் போதும்.

இராமச்சந்திரன்


பாகூர்,
18-6-74

டேய் ராமு,

உன் கடுதாசியைப் படிச்சி உங்க மாமா சிரிப்பை நிறுத்திட்டாரு. அதுலேயே தெரிஞ்சிக்கோ.

நானும் ஒரு முட்டாள். கொடுமைன்னா தழும்பு இருக்கும்னு நெனச்சி முதுகைப் பாத்தேன். நீயும் அதே புத்திதான், முதுகுல தழும்பு இல்லையே நான் உத்தமன்னு துணியை எடுத்து வச்சிகினு குந்தியிருக்கே. அடிச்சாத்தான் அடியா? உன்னை ஒரே ஒரு பகல் அந்தக் குடோன்ல வச்சி, வெளிய தாழ்ப்பாள் போட்டு, ஒரு லோட்டா தண்ணிய மூலையில வச்சிட்டுப் போறேன். சாயங்காலம் வந்து "சுகமா இருந்திச்சா தம்பி"ன்னு கேக்கறேன். அப்பால சொல்லு.

ஊருக்கே படி அளந்த மனுஷனை உன் பிள்ளைங்க கழுதையான்னு கேக்குது, நீ பக்கத்துல குந்திகினு சிரிக்கிறே. அதை எனக்கு வேற எழுதறே, பெருமையா! அவருக்குன்னு வந்து குந்தறது அந்த முத்துசாமி ஒருத்தன். அவனையும் துரத்திட்டே. தண்ணியைக் குறைச்சாங்களாம். செடிக்கே குறைக்கமாட்டாளே உன் பொண்டாட்டி!

கடைசியில வந்து நின்னியே, அங்க நிக்கறேடா நீ. கட்டடம்! அந்த ஒரு வார்த்தையை வச்சிகினு அவர் வாயி, வயிறு, கூட்டாளி, அறை எல்லாத்தையும் புடுங்கிட்டு இப்ப வூட்டையே புடுங்கறே.

வெள்ளிக்கிழமை வரேன். படி மிதிக்கமாட்டேன். தெருவுல நிப்பேன்.

கோகிலாம்பாள்


வில்லியனூர்,
22-6-1974

கோகிலாம்பாளுக்கு,

ஆள் கடத்தல் என்று போலீசில் எழுதிக் கொடுக்கலாமா என்று வக்கீலைக் கேட்க இருக்கிறேன். உன் தம்பியாகப் பிறந்த பாவத்துக்கு இன்னும் கேட்கவில்லை.

நேற்று நீ தெருவில் நின்றுகொண்டு, அக்கம்பக்கம் ஆறு வீடும் வாசலுக்கு வந்த பிறகு, "சித்தப்பா, என்னோட பாகூருக்கு வர்றீங்களா" என்று கேட்டாய். அவர் உள்ளேயிருந்து சரி என்றார். "கேட்டீங்களா, கேட்டீங்களா, அவரே சொல்லிட்டாரு" என்று ஊருக்குக் காட்டினாய். மாமா உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் திறந்து அவரைத் தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்தார். உன் சபதத்துக்கு பங்கம் இல்லை, மாமாவின் கால்தானே படியை மிதித்தது!

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். நான் கேட்டு அவர் சொன்னால் அந்தச் 'சரி' செல்லாது. நீ கேட்டு அவர் சொன்னால் செல்லுமா? வில்லியனூர் சரி வேறு, பாகூர் சரி வேறா?

இராமச்சந்திரன்


பாகூர்,
1-7-74

ராமு,

உடனே பதில் எழுதாததுக்குக் காரணம் இருக்குது. சித்தப்பாவுக்கு வயித்துப்போக்கு.

உன்னைச் சிரிக்கச் சொல்லல, ஆனா நீ சிரிப்பே. பட்டினி கிடந்த மனுஷன் ஆச்சேன்னு இட்லி போட்டேன். "இன்னொண்ணு வெக்கட்டுமா?" சரின்னாரு. "இன்னொண்ணு?" சரி. எத்தனைன்னு நான் கணக்கு வைக்கல. உங்க மாமாதான் "ஏண்டி, அவர் இன்னா இட்லிப் பானையா"ன்னு தட்டைப் புடுங்கிகினாரு. நர்ஸம்மா வந்து மருந்து குடுத்துட்டு என்னைத் திட்டினா பாரு, உன்னைக்கூட யாரும் அப்படித் திட்டியிருக்கமாட்டாங்க. நீ கேட்ட கேள்வி என் நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்குது. பாகூர் சரியும் சரியில்லதாண்டா.

அப்பால நடந்ததைக் கேளு. முத்துசாமிக்கு ஆள் விட்டு வரவழைச்சேன். அவன் வந்ததும் வராததுமா தரையில கரித்துண்டால கட்டம் போட்டான். சித்தப்பா கண்ணைப் பாக்கணுமே! இடது கையால புலியை நகர்த்தறாரு. முத்துசாமி ஒரு ஆட்டைத் தூக்கிகினு, "இங்க வைக்கட்டுமா மொதலாளி"ன்னான். வாய் 'சரி'ன்னிச்சு. கை பட்டுன்னு அவன் கையைத் தட்டிவிட்டுச்சு! அப்பால அவன் ஆட்டையெல்லாம் வரிசையா வெட்டித் தின்னுட்டாரு. "வாய் வராத மனுஷன்னு வுட்டுக் குடுத்தேன்"னு முத்துசாமி மூஞ்சைத் தூக்கிகினு போனான். வுட்டுக் குடுத்தானாம்!

அன்னிலேர்ந்து நான் வாயைக் கேக்கறதில்ல, கையைப் பாக்கறேன். காபி ஒரு பக்கம், கஞ்சி ஒரு பக்கம் வைப்பேன். கஞ்சியை ஒரு தள்ளு தள்ளினாரு பாரு, சுவத்துல போய் விழுந்துச்சு. ஒன்றரை வருஷக் கஞ்சிடா அது.

அவர் புத்தி ஒண்ணும் போவல. வார்த்தைதான் ஒரே எடத்துல சிக்கிகினு இருக்குது. பத்திரம் வேணாம் ராமு. வுட்டுடு.

அக்கா


வில்லியனூர்,
4-7-1974

தமக்கைக்கு,

புத்தி இருக்கிறது என்று நீயே எழுத்தில் கொடுத்துவிட்டாய். மிக்க நன்றி. புத்தி உள்ளவர் பத்திரம் எழுதலாம். வரும் வெள்ளிக்கிழமை 12-ந் தேதி நல்ல முகூர்த்தம். அழைத்து வரவும். ரிஜிஸ்தரார் முன்னால் அவர் வாயாலேயே சொல்லட்டும்.

இராமச்சந்திரன்


பாகூர்,
6-7-74

வரோம்.

கோகிலாம்பாள்


வில்லியனூர்,
14-7-1974

கோகிலாம்பாளுக்கு,

சந்தோஷமா? மனசு குளிர்ந்ததா?

"பெரியவரே, கட்டடத்தை இவருக்கு எழுதிக் கொடுக்கச் சம்மதமா" என்று ரிஜிஸ்தரார் கேட்டார். சித்தப்பா கோயில் மணி மாதிரி 'சரி' என்றார். அதோடு முடிந்திருக்க வேண்டும். குமாஸ்தா அவர் பெருவிரலைப் பிடித்து மைப்பெட்டிக்கு இழுத்தபோது, 'சரி, சரி, சரி' என்று சொல்லிக்கொண்டே மைப்பெட்டியைத் தட்டிவிட்டார். அது என் புதுச் சட்டையில்தான் விழ வேண்டுமா? அதையாவது கைநடுக்கம் என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். நீ சும்மா இருந்தாயா? "ஐயா, இந்தக் கட்டடத்தை உங்களுக்கே எழுதிக் குடுப்பாரான்னு கேட்டுப் பாருங்க" என்றாய். அந்த ஆளும் கேட்கிறார்! சரி. குமாஸ்தாவுக்கு? சரி. வெளியே கட்டியிருக்கிற பால்காரன் எருமைக்கு? அதற்கும் சரி! ஆபீஸே சிரித்தது. ரிஜிஸ்தரார் பத்திரத்தை மடித்து என் கையில் கொடுத்து, "வாய் ஒண்ணு சொல்லுது, கை ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒண்ணா சொல்ற அன்னிக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது ஊரில் என் பிழைப்பைக் கேள். கடைக்கு வருகிறவன் எல்லாம், "மொதலாளி, அரைப்படி துவரம்பருப்பு சும்மா குடுக்கறீங்களா? சரின்னு சொல்லுங்க" என்கிறான். காய்கறிக்காரி வரைக்கும் தெரிந்திருக்கிறது. நேற்று என் பிள்ளைகள் என்னிடமே வந்து, "அப்பா, நீ கழுதையா?" என்று கேட்டன. ஆண்டாள் உள்ளே போய்ச் சிரித்தாள், எனக்குக் கேட்டது. ஒரு நாளைக்கே என்னால் தாங்க முடியவில்லை அக்கா.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ராமு


பாகூர்,
17-7-74

ராமு,

சட்டைக்குப் புளி போட்டுத் தேச்சிப் பாரு. மைக் கறை போவும்.

சித்தப்பாவை அனுப்பப் போறேன். நீ கெஞ்சினன்னு இல்ல, நீ கெஞ்சவும் இல்ல. அவர் தினம் காலையில சுவத்தைப் பிடிச்சிகினே வாசல்ல போய் நின்னு வில்லியனூர் பஸ் போறதைப் பாக்கறாரு. எனக்குப் புரிஞ்சிச்சு, ஆனா புரியாத மாதிரி இருந்தேன். நேத்துதான் மனசைக் கல்லாக்கிகினு ஒரு பக்கம் பாய் தலகாணி விரிச்சி வச்சேன், இன்னொரு பக்கம் அவர் செருப்பை வச்சேன். செருப்பைத்தான் காலால இழுத்துகினாரு. அழுதுட்டேன்டா. எண்ணெய் தேச்சி, பிசைஞ்சி ஊட்டி, பெத்த புள்ள மாதிரி பாத்தேனே, கடைசியில அந்த மிளகா மூட்டைக்காரன் வூட்டுக்கா போறீங்கன்னு கேட்டே புட்டேன். அவர் என் கன்னத்தைத் தொடச்சி வுட்டுட்டு மறுபடியும் செருப்பைப் பாத்தாரு.

அப்பால உங்க மாமா ஒண்ணு சொன்னாரு, அதை உனக்கும் சொல்றேன், நல்லா மண்டையில ஏத்திக்கோ. அது உன் வூடு இல்ல. அவர் வூடு. அவர் வூட்டுக்கு அவர் போறாரு. நீதான் அங்க குடி இருக்கறே.

தெருப்பக்கத்து அறையைக் காலி பண்ணி வை. அந்தத் தாழ்ப்பாளைப் புடுங்கி எறி. முத்துசாமி வந்தா மோர் குடு, மூஞ்சி காட்டாதே. தண்ணி கேக்க அவருக்கு வாய் இல்ல, கை எட்டற எடத்துல சொம்பு இருக்கட்டும். ஒண்ணுக்குப் போவணும்னா ஆண்டாளை அனுப்பாதே, நீ போ. தூக்கி வளத்தவரை நீ தூக்கு.

ஞாயித்துக்கிழமை உங்க மாமா கொண்டாந்து வுடுவாரு.

அக்கா


வில்லியனூர்,
28-7-1974

அக்காவுக்கு,

சித்தப்பா தெருப்பக்கத்து அறையில இருக்காரு. பிள்ளைங்க குடோன்ல படிக்குதுங்க. படிப்பு எப்படியோ, தும்மல் நல்லா வருது. தாழ்ப்பாளைப் புடுங்கப் போனேன், கதவும் சேர்ந்து வந்துடுச்சு. ஆசாரி வரணும்.

முத்துசாமி வரான். மோர் குடுத்தேன். மூஞ்சி காட்டலன்னு நெனைக்கிறேன், ஆனா அவன் "மொதலாளிக்கு உடம்பு சரியில்லையா"ன்னு கேட்டான். நானும் ஒரு ஆட்டம் குந்தினேன். ரெண்டு பேரும் என்னை ஒழிச்சிட்டாங்க.

முதல் ரெண்டு மூணு நாள் அவரைத் தூக்கிகினு கொல்லைக்குப் போகும்போது கோவம் வந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். அப்பால ஒரு நாள் கைத்தாங்கலா நடத்திகினு போனப்போ அவர் கால் என் கால் மேல இடறிச்சு. பாதம் அப்படியே பஞ்சு மாதிரி இருந்துச்சு அக்கா. நடக்கவே விடாம வச்சிருந்தேன் இல்ல, அதான்.

உன் வழிப்படி எதிர்ல வச்சித்தான் இப்ப எல்லாம் கேக்கறேன். வெள்ளை வேட்டியா, கட்டம் போட்ட லுங்கியா. இட்லியா, பூரியா. பூரிதான், எப்பவும் பூரிதான். நெத்தியில விபூதியா, வெறும் நெத்தியா. எல்லாம் தெரிஞ்சிடுச்சு. ஒண்ணுதான் தெரியல.

முந்தாநாள் அவர் கால்கிட்ட குந்திகினு, "சித்தப்பா, என்னை மன்னிச்சிட்டீங்களா"ன்னு கேட்டேன். "சரி"ன்னாரு. அப்படியே அழுகை வந்துடுச்சு. ஆனா எனக்குத்தான் புத்தி வந்துடுச்சே, அதோட வுடுவேனா? "மன்னிக்கலையா"ன்னு கேட்டேன். அதுக்கும் "சரி". மாத்தி மாத்திக் கேட்டேன். சரி, சரி, சரி. ஒன்றரை வருஷமா அந்த வார்த்தையை நான் எடுத்து எடுத்துச் செலவு பண்ணேன். இப்ப எனக்கு ஒரே ஒரு நிஜமான 'சரி' வேணும், அது எதுன்னு கண்டுபிடிக்க முடியல.

இதுக்கு எதிர்ல எந்தப் பொருளை அக்கா வைக்கிறது?

ராமு


பாகூர்,
30-7-74

தம்பி,

பொருள் ஒண்ணும் வேணாம். உன் கையை நீட்டு.

பிடிச்சாலும் எழுது. பிடிக்காட்டியும் எழுது.

அக்கா


வில்லியனூர்,
4-8-1974

அக்கா,

நீட்டினேன்.

தள்ளிட்டாரு. நல்லா பலமாவே தள்ளினாரு. நான் குந்தியிருந்த முக்காலியோட சாஞ்சிட்டேன். முத்துசாமி பாத்துட்டான், ஊரெல்லாம் சொல்லுவான்.

இடது கைக்கு அவ்வளவு பலம் வந்திருக்குது அக்கா. ஒரு நாள் வந்து பாரு.

ராமு